முதல் பேப்பரை எங்கே அனுப்பலாம்?

போன மாதம் ஒரு ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் போன் வந்தது. எம்எஸ்சி ஆய்வகத்தில் எனக்கு மூன்று செட் இளையவள். இப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியலில் பிஎச்டி, நாலாவது வருஷம். “அண்ணே, பேப்பர் ரெடியாயிட்டு. எங்க அனுப்பன்னுதான் தெரியல. ஸ்கோபஸ்ல இருந்தா போதும்னு கைடு சொல்லுதாவ” என்றாள். ஸ்கோபஸ் என்பது ஆய்வு இதழ்களைச் சேர்த்து வைக்கும் ஒரு பட்டியல்.

பின்னாலேயே வாட்ஸப்பில் நாலு பெயர்கள் வந்தன. ஒன்று, வேதியியலாளர் சங்கம் ஒன்று நடத்தும் சந்தா இதழ். இரண்டாவது, ஏற்றுக்கொண்டபின் எழுதியவர் பணம் கட்ட வேண்டிய திறந்த இதழ். மூன்றாவது இதழின் முகப்பிலேயே ‘7 நாளில் முடிவு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நாலாவதாக, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு, கெம்ஆர்க்கைவ் என்ற ப்ரீபிரிண்ட் தளம். அன்றைக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இதே கேள்வியோடு வருஷத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள் என்பதால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

ஒரு பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பும்போது நாம் மூன்று காரியங்களை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கிறோம். இதை முதலில் கண்டது நான்தான் என்று தேதி குத்தி வாங்குவது முதலாவது. விவரம் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்து படித்துப் பிழை சொல்வது இரண்டாவது. பிஎச்டி வாய்மொழித் தேர்வான வைவாவுக்கும் வேலைக்கும் காட்ட ஒரு சான்றிதழ் கிடைப்பது மூன்றாவது. அறிவியல் பதிப்புலகில் பத்துப் பதினைந்து வருஷமாக நடக்கும் சண்டையில் பாதி, இந்த மூட்டையை அவிழ்க்கலாமா கூடாதா என்பதைப் பற்றியதுதான். எந்த வழி எந்தக் காரியத்தைச் செய்து தருகிறது, அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டால் முடிவெடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

இதில் இரண்டாவது காரியமான சக மதிப்பாய்வு ஏதோ ஆதிகாலத்திலிருந்து வரும் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. ஹென்றி ஓல்டன்பர்க் லண்டனில் ‘ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழைத் தொடங்கியது 1665இல். ஆனால் ‘நேச்சர்’ இதழ் ஒவ்வொரு கட்டுரையையும் வெளியாளுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதை விதியாக்கியது 1973இல்தான். 1936இல் ஐன்ஸ்டைன் தன் கட்டுரை ஒன்றை ‘பிசிக்கல் ரிவ்யூ’வுக்கு அனுப்பினார். ஈர்ப்பலைகள் என்று எதுவும் கிடையாது என்பது அதன் வாதம். பதிப்பாசிரியர் அதை மதிப்பாய்வு செய்யும் ஒரு ரெஃப்ரியிடம் கொடுத்து, அவர் எழுதிய குறிப்புகளோடு திருப்பி அனுப்பினார். அச்சடிக்கக் கொடுத்ததை என்னைக் கேட்காமல் எப்படி இன்னொருவரிடம் காட்டலாம் என்று ஐன்ஸ்டைனுக்குக் கோபம். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு இதழுக்குக் கொடுத்தார். அது அச்சாவதற்குள் முடிவு தலைகீழாக மாறியிருந்தது, ஏனென்றால் ரெஃப்ரி சொன்னதுதான் சரி. அந்த ரெஃப்ரி ஹோவர்ட் ராபர்ட்சன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் என்பது பல வருஷம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

நம் பக்கத்தில் ராமானுஜன் கதை இருக்கிறது. அவருடைய முதல் கட்டுரை 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. பதிப்பாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அதை அப்படியே அச்சுக்குக் கொடுக்கவில்லை. சாதாரண வாசகரால் பின்தொடர முடியாத அளவுக்கு எழுத்து சுருக்கமாகவும் தெளிவில்லாமலும் இருக்கிறது என்று திரும்பத் திரும்பத் திருத்தி வாங்கினார். ரெஃப்ரி ரிப்போர்ட்டைத் திட்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஐயங்கார் ஞாபகம் வரும். படிக்கத் தெரிந்த ஒருவர் நம் கட்டுரையோடு மல்லுக்கட்டுவது பெரிய பாக்கியம். அது எந்த வழியில் அதிகம் வாய்க்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சரி, சந்தா இதழுக்கு வருவோம். எழுதியவருக்குச் செலவில்லை, படிப்பவர் அல்லது அவருடைய நூலகம் பணம் கட்டுகிறது. இதன் மேல் உள்ள குற்றச்சாட்டு ரொம்பப் பழசு, நியாயமானதும்கூட. ஆய்வுக்கு அரசு பணம் தருகிறது, எழுதுபவர் சும்மா எழுதுகிறார், ரெஃப்ரி சும்மா படிக்கிறார், கடைசியில் அதே பேப்பரை அரசு நூலகம் காசு கொடுத்து வாங்குகிறது. 2012இல் டிமொத்தி கவர்ஸ் என்ற கணிதவியலாளர் எல்செவியர் பதிப்பகத்துக்கு எதிராகத் தொடங்கிய புறக்கணிப்பில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். எல்செவியர் அதனால் ஒன்றும் இளைத்துவிடவில்லை.

இந்தியாவில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர் இப்போது சந்தா இதழைத் திறந்து படிக்க முடியும். சுயநிதிக் கல்லூரிகள் இதற்குள் வரவில்லை. தமிழ்நாட்டில் எத்தனை பேர் அங்கே ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இது சின்ன விடுபடல் இல்லை.

என் முதல் பேப்பர் போனது இப்படிப்பட்ட இதழுக்குத்தான். ஐந்து மாதம் ‘அண்டர் ரிவ்யூ’ என்ற இரண்டு வார்த்தையைக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இரண்டு ரிப்போர்ட் வந்தது. முதல் ரெஃப்ரி நாலு வரியில் முடித்துவிட்டார், ஆங்கிலத்தைச் சரிசெய்யச் சொல்லி. இரண்டாமவர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அகச்சிவப்பு நிறமாலையில் 1634 என்ற அலையெண்ணில் ஒரு சிகரம், அதுதான் நாங்கள் உண்டாக்கிய கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். அவர் கேட்டது இதுதான்: “3400 பக்கத்தில் ஒரு அகன்ற மேடு தெரிகிறதே, பார்த்தீர்களா? உங்கள் பொட்டாசியம் புரோமைடு ஈரமாக இருந்திருக்கிறது. 1634இல் இருப்பது தண்ணீராக இருக்கலாம்.”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சோதிக்கும் பொருளைக் கலந்து வில்லையாக அழுத்தும் உப்புதான் அந்தப் பொட்டாசியம் புரோமைடு. மழைக்காலம், டப்பா மூடி சரியாகப் பொருந்தாது, எனக்குத் தெரியும். உப்பைக் காயவைத்து மறுபடி வில்லை அழுத்தி எடுத்தேன். 3400 மேடு அமுங்கியது, 1634 அதோடு சேர்ந்து தேய்ந்தது, அதற்குக் கீழே 1618இல் உண்மையான சிகரம் மெலிசாக நின்றது. பேப்பர் தப்பித்தது. அந்த மனிதர் யாரென்று இன்றுவரை தெரியாது. அவருக்கு அதற்காக யாரும் ஒரு பைசா தரவில்லை.

எல்லோருக்கும் இப்படி அமையாது. வேறொரு பேப்பர் ஒரு இதழில் பதினோரு மாதம் கிடந்தது. கடைசியில் ‘புதுமை போதாது’ என்று ஒற்றை வரியோடு திரும்பியது. இது வெறும் என் புலம்பல் இல்லை, சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2014இல் செயற்கை நுண்ணறிவுத் துறையின் பெரிய மாநாடான நியூரிப்ஸில் (அப்போது நிப்ஸ்) பத்தில் ஒரு பங்கு கட்டுரைகளை ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு ஏற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் மற்றக் குழு நிராகரித்திருந்தது. 2022இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சங்கடமானது. ஒரே கட்டுரையைச் சிலருக்கு நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் வெர்னன் ஸ்மித்தின் பெயரோடும், சிலருக்கு அவருடன் சேர்ந்து எழுதிய இளம் ஆய்வாளரின் பெயரோடும் அனுப்பினார்கள். இளையவர் பெயர் இருந்தபோது 65 சதவீதம் பேர் நிராகரிக்கச் சொன்னார்கள், நோபல்காரர் பெயர் இருந்தபோது 23 சதவீதம். திருநெல்வேலிப் பக்கத்து முகவரியோடு போகும் கவருக்கு என்ன நடக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் ஒரு நிராகரிப்பை உன் வேலையின் மேல் வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று அவளிடம் சொன்னேன். ரிப்போர்ட்டில் உருப்படியான வரி இருந்தால் அதை மட்டும் பிடுங்கிக்கொண்டு அடுத்த இதழுக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்தது காசு கட்டும் திறந்த இதழ். யோசனை நல்லது: உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். 2006இல் ‘பிளாஸ் ஒன்’ வந்தபோது இன்னொரு நல்ல காரியமும் செய்தது. முடிவு பரபரப்பாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டோம், வேலை ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் போடுவோம் என்றது. எதிர்மறை முடிவுகளுக்கு ஒரு வீடு கிடைத்தது.

வினை வந்தது வரவு-செலவில். சந்தா இதழ் நிராகரித்தால் அதற்கு நஷ்டமில்லை; கட்டண இதழ் ஒவ்வொரு நிராகரிப்பிலும் ஒரு வரவை இழக்கிறது. இந்தச் சபலத்துக்கு நல்ல பதிப்பகங்களே சறுக்கியிருக்கின்றன. வைலி நிறுவனம் 2021இல் ஹிந்தாவியை ஏறக்குறைய 30 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. சிறப்பிதழ் சிறப்பிதழாக வந்து குவிந்ததில், காசுக்குப் போலிக் கட்டுரை தயாரிக்கும் கட்டுரை ஆலைகள் புகுந்துவிட்டன. 2023இல் மட்டும் ஹிந்தாவி இதழ்களிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, கடைசியில் அந்தப் பெயரையே வைலி கைவிட்டது. அதே வருஷம் மார்ச்சில் ஸ்கோபஸ் மாதிரியே இன்னொரு பட்டியலான வெப் ஆஃப் சயன்ஸிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட இதழ்கள் தூக்கப்பட்டன. ‘இண்டெக்ஸ்ல இருக்கு, போதும்’ என்று நம்பி அந்த இதழ்களில் போட்டவர்களை நினைத்துப் பாருங்கள். கையில் வைத்திருந்த சான்றிதழுக்கு ஒரே நாளில் மதிப்புப் போனது.

கட்டணத்தையும் நம் சம்பளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘நேச்சர்’ 2020இல் அறிவித்த திறந்த பதிப்புக் கட்டணம் 9,500 யூரோ. ரூபாயில் 8 லட்சத்தைத் தாண்டும். ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000. அதாவது ஒரு ஆய்வு மாணவர் ஏறக்குறைய இரண்டு வருஷம் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் இருந்தால் ஒரு பேப்பர். அவள் பட்டியலில் இருந்த இதழ் அதில் கால்வாசிகூடக் கேட்கவில்லை, ஆனாலும் அவளுக்கு அது நாலு மாதப் பணம். விலக்கு கேட்டுக் கடிதம் எழுதலாம். பல நல்ல இதழ்கள் தருகின்றன, அரைகுறையாகவாவது. கைடு திட்டத்தில் நிதி இருக்கிறது என்றால் அது வேறு கதை. சொந்தக் காசு போட்டோ கடன் வாங்கியோ கட்டாதே என்று சொல்லிவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை இங்கே. சந்தா இதழிலும் ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு திரை வரும். ‘உங்கள் கட்டுரையைத் திறந்த வழியில் வெளியிட’ என்று பெரிய வண்ணப் பொத்தான், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘சந்தா வழி’. எனக்குத் தெரிந்த ஒருவர் பெரிய பொத்தானை அமுக்கிவிட்டு, பில் வந்த பிறகு அதை ரத்து செய்ய மூன்று வாரம் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார். சின்ன எழுத்தைத் தேடி அமுக்க வேண்டும்.

‘7 நாளில் முடிவு’ இதழைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2013இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேதியியல் தெரிந்தவர் ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிடக்கூடிய பிழைகளோடு ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்த இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அந்த வலையில் விழுந்த இதழ்களில் நம் நாட்டு முகவரிகள் நிறைய. ஒரு வாரத்தில் ஒரு மனிதர் உன் பேப்பரைப் படித்து, யோசித்து, எழுதி அனுப்பிவிடுவார் என்றால் நம்ப வேண்டாம். நம் மூன்று காரியங்களில் இந்த இதழ் செய்து தருவது சான்றிதழ் ஒன்றே ஒன்று, அதுவும் ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கும்வரைதான்.

இனி ப்ரீபிரிண்ட். ரிவ்யூவுக்கு முன்பே பேப்பரைப் பொதுவில் போட்டுவிடுவது. இயற்பியல்காரர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. 1991இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கியதுதான் ஆர்க்கைவ். கிரிகோரி பெரல்மான் கணிதத்தில் புகழ்பெற்ற பாங்கரே ஊகத்தின் நிரூபணத்தை 2002–03இல் அங்கே போட்டதோடு சரி, எந்த ஜர்னலுக்கும் அனுப்பவில்லை. அதைச் சரிபார்க்க மற்றவர்களுக்குச் சில வருஷம் பிடித்தது, பார்த்து முடித்தார்கள். வேதியியல்காரர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். கெம்ஆர்க்கைவ் 2017இல் தொடங்கியது, பின்னால் அமெரிக்க, பிரிட்டிஷ், ஜெர்மன் வேதியியல் சங்கங்களே நிற்கின்றன.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் என்பவர்களுக்கு நான் சர் சி. வி. ராமனைச் சொல்வேன். 1928 பிப்ரவரி 28இல் கண்டுபிடிப்பு. மார்ச் மாதமே ‘நியூ ரேடியேஷன்’ உரையை இந்திய இயற்பியல் இதழில் அவசரமாக அச்சேற்றி, படிகளை உலகத்தின் பல மூலைகளில் இருந்த விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். அதே சமயம் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மண்டெல்ஷ்டாமும் அதே விளைவைப் படிகங்களில் பார்த்திருந்தார்கள். அவர்கள் கட்டுரை வெளிவந்தபோது ராமனுடையது எல்லோர் மேஜையிலும் இருந்தது. தேதியின் அருமை தெரிந்த மனிதர்.

“யாராவது திருடிட்டா?” என்று அவள் கேட்டாள். எல்லோரும் கேட்பார்கள். ப்ரீபிரிண்டில் உன் பெயர், தேதி, கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண் எல்லாம் ஊர் பார்க்க நிற்கும். முகம் தெரியாத ரெஃப்ரியின் கம்ப்யூட்டரில் ஐந்து மாதம் கிடப்பதைவிட அது பத்திரம். உண்மையான கவலைகள் வேறு இரண்டு. காப்புரிமை எடுக்கிற எண்ணம் இருந்தால் அந்த விண்ணப்பத்தைப் போட்ட பிறகே ப்ரீபிரிண்ட். அப்புறம், ஏற்றியதைத் துடைத்தெடுக்க முடியாது. திருத்திய வடிவம் போடலாம், ‘விலக்கப்பட்டது’ என்று குறிப்பு வைக்கலாம், பழசு அங்கேயே இருக்கும். என் ஈரமான 1634ஐ நான் ப்ரீபிரிண்டாகப் போட்டிருந்தால் இன்றைக்கும் தேடினால் கிடைக்கும்.

ரிவ்யூ ஆகாததை எப்படி நம்புவது என்ற கேள்வி கொரோனா காலத்தில் பெரிதாக எழுந்தது. அதே சமயத்தில்தான், 2020 மே மாதம், ரிவ்யூவெல்லாம் தாண்டி ‘லான்செட்’டில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றிய கட்டுரை வந்தது. சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் கொடுத்த மருத்துவமனைத் தரவுகளை யாராலும் சரிபார்க்க முடியவில்லை. இரண்டு வாரத்துக்குள் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். ரெஃப்ரிகள் பார்க்காததை, வெளியான பிறகு கூர்ந்து படித்தவர்கள் பிடித்தார்கள்.

இந்த இரண்டையும் கலந்து ஒரு வழி ‘ஈலைஃப்’ இதழ் செய்வது. 2023இலிருந்து அவர்கள் ஏற்பு, நிராகரிப்பு என்ற முத்திரையையே விட்டுவிட்டார்கள். ரிவ்யூவுக்கு எடுத்துக்கொண்டால் ப்ரீபிரிண்டோடு ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து வெளியிடுவார்கள், ‘ஆதாரம் வலுவானது’ என்றோ ‘முழுமையற்றது’ என்றோ ஒரு மதிப்பீட்டோடு. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், ரிப்போர்ட்டில் செலவான உழைப்பு குப்பைக்குப் போவதில்லை. ஆனால் வெப் ஆஃப் சயன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று காட்டும் எண்ணான இம்பாக்ட் ஃபாக்டரை ஈலைஃப் இழந்தது. நிரந்தர வேலையில் இருக்கும் பேராசிரியர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். வைவாவுக்குக் காத்திருப்பவரால் முடியாது. தவிர அது உயிரியல் இதழ், இவளுக்குப் பொருந்தாது.

அவள் பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சேர்த்தேன். பெங்களூரில் ராமன் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமி நடத்தும் ‘ஜர்னல் ஆஃப் கெமிக்கல் சயன்சஸ்’. சந்தா வழியில் போட்டால் எழுதியவரிடம் கட்டணம் கிடையாது. இம்பாக்ட் ஃபாக்டர் சின்னது, அதனாலேயே நம் ஆட்கள் அதைக் கடைசியில் வைக்கிறார்கள். பொட்டாசியம் புரோமைடு மழைக்காலத்தில் என்ன பாடு படுத்தும் என்று தெரிந்த ரெஃப்ரி அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

இப்போது ரெஃப்ரி மனிதர்தானா என்ற சந்தேகமும் வந்துவிட்டது. 2025 ஜூலையில் நிக்கேய் பத்திரிகை ஆர்க்கைவில் தேடியபோது 17 கட்டுரைகளில் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ‘நல்லதை மட்டும் சொல்’ என்ற மாதிரிக் கட்டளைகள் ஒளிந்திருந்தன. மனிதர் கண்ணுக்குத் தெரியாது, ரெஃப்ரி வேலையை ஏஐயிடம் தள்ளிவிட்டால் அது படிக்கும். எழுதியவர் செய்தது அயோக்கியத்தனம், படிக்காமல் ரிப்போர்ட் எழுதும் ரெஃப்ரி செய்வதும் அதேதான். ஒரு சங்க இதழில், துறையில் எல்லோரையும் தெரிந்த பதிப்பாசிரியர் இருந்தால் இது குறையும். ஒழியாது.

ஸ்கோபஸில் இருந்தால் போதும் என்று கைடு சொன்னதையும் சரிபார்க்கச் சொன்னேன். பிஎச்டிக்கு ஜர்னல் பேப்பர் கட்டாயம் என்பதை யுஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது. தானே பராமரித்த ‘கேர்’ என்ற இதழ்ப் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்கு விதி வைத்துக்கொள்ளலாம், வைத்தும் இருக்கின்றன. அதனால் பதிவாளர் அலுவலகத்தில் அச்சிட்ட விதியைக் கேட்டு வாங்க வேண்டும். காரிடாரில் கேள்விப்பட்டது ஆகாது.

ஆக அவளுக்கு நான் சொன்ன வரிசை: இன்றைக்குக் கெம்ஆர்க்கைவ், நாளைக்குச் சங்கத்தின் சந்தா இதழ். திரும்பி வந்தால் ரிப்போர்ட்டைப் பார்த்துத் திருத்திவிட்டுப் பெங்களூர். கட்டண இதழ் வேண்டுமென்றால் விலக்குக் கடிதம் கையில் வந்த பிறகு.

கைடு ப்ரீபிரிண்டுக்கு முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். “ஜர்னல்காரன் ஏத்துக்கிடுவானா?” என்றிருக்கிறார். இதழின் விதிப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டியிருக்கிறாள், பெரும்பாலான வேதியியல் இதழ்கள் இப்போது மறுப்பதில்லை. அதன்பின் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்போ தேதி விழும், இல்லையா?”

பேப்பர் போய் இன்றைக்கு 19 நாள். ‘அண்டர் ரிவ்யூ’ என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாள். அனுப்புவதற்கு முன் உப்பைக் காயவைத்தாயா என்று கேட்டேன். “ஓவன்ல 110 டிகிரி, மூணு மணி நேரம்ணே. டப்பாவையும் மாத்தியாச்சு” என்றாள்.